ஜாம் ஆகாத துவக்கு

பிரெஞ்சு பேசும் நகரான லொங்குய்யில் ஒரு துவக்குக் கடை. கண்ணாடிக்கு வெளியே பனி கொட்டுகிறது. மேசையில் உள்ளங்கையளவு இரும்புக் கோழிகள் ஐந்து வரிசையாக நிற்கின்றன. துவக்குச் சூட்டுப் போட்டியில் இடமிருந்து வலமாக, ஒன்றையும் தாண்டாமல், சுட்டு விழுத்தவேண்டிய இலக்குகள். பல்கலைக்கழகச் சூட்டுக் குழுவில் சேர்ந்திருக்கும் சர்மிளா ஒரு துவக்கைத் தோளில் பொருத்திப் பார்க்கிறாள். கடைக்காரர் பிரெஞ்சில் சொல்வதைத் தகப்பன் நீக்கிலாப்பிள்ளையிடம் தமிழில் சொல்கிறாள். "அப்பா, இதைத்தான் நம்பி எடுக்கலாமாம். ஆயிரம் வெடி வைச்சாலும் ஒருக்காலும் குண்டு சிக்கி ஜாம் ஆகாதாம். நல்லதுதானே?" நீக்கிலாப்பிள்ளையின் காதுக்குள் வேறொரு துவக்கு வெறுமனே 'டிக்' என்கிறது. யுத்த காலத்தில் மன்னார்க் கடற்கரையில் சுடுவதற்காக முழங்காலில் இருத்தப்பட்ட ஐந்து பேரில் அவர் இரண்டாவது ஆள். அவர் முறை வந்தபோதுதான் அது ஜாம் ஆனது. சுட்டவன் தட்டிச் சரிபார்த்துக்கொண்டு, எவரில் நின்றோம் என்பதை மறந்து, மூன்றாவது ஆளிடம் போனான். மூன்றாவதாக இருந்தது அவருடைய தம்பி ஜெராட். "ஓம் பிள்ளை, நல்லது. அதையே எடு," என்கிறார். சர்மிளா படிவம் நிரப்பக் குனிகிறாள். அவர் கை நீட்டி, மூன்றாவது கோழியை மட்டும் வரிசையிலிருந்து எடுத்து, சத்தம் வராமல் உள்ளங்கைக்குள் பொத்திக்கொள்கிறார்.