மூணாவது ஓட்டை

பதவி உயர்வு கேட்டு மேனேஜர் சௌந்தரராஜன் ஹெட் ஆபீஸுக்குக் கெஞ்சி எழுதிய லெட்டரை, ஓசூர் ஃபாக்டரி கேன்டீனில் நாலு பேர் சத்தமாகப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மனிதர் கொதித்துப் போனார். கம்ப்யூட்டர் செக்‌ஷன் முத்துமணியைக் கூப்பிட்டார்.

"என் லெட்டர் எப்படிம்மா கேன்டீனுக்குப் போச்சு?"

"நாம புதுசா வாங்கின புரோகிராம்ல ஓட்டை இருக்கு சார்."

எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எதற்கு எவ்வளவு போகிறது, லைன் எங்கே திணறுகிறது என்று பார்ப்பதற்காக வாங்கிய புரோகிராம் அது. கம்ப்யூட்டர் வழியாகப் போகிற லெட்டர்களையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று தெரிந்த நாளிலிருந்து மேனேஜருக்குப் பேப்பர் படிப்பதே நின்றுபோனது. தினமும் காபியோடு ஊரார் லெட்டர்தான்.

"அடுத்தவன் லெட்டரைப் படிக்கிறது என்ன நாகரிகம்? எல்லா ஓட்டையையும் அடை!" என்று கத்தினார். இதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

இதைக் கேள்விப்பட்டதும் ஸ்டோர்ஸ் வெங்கடப்பன் முத்துமணியைத் தேடி ஓடினார். பாகலூர் ரோடு யூனிட்டில் இருக்கும் கிருஷ்ணப்பனுக்கு, சங்கம் ஆரம்பிப்பது பற்றி அவர் நீளமாக ஒரு லெட்டர் அனுப்பியிருந்தார். மேனேஜரை எருமை என்று வேறு எழுதியிருந்தார். அதை விழுங்கிவிட்டுத்தான் புரோகிராம் படுத்துக் கிடந்தது. முத்துமணி சரிசெய்து அது எழுந்தால் மேனேஜர் படிப்பார், வேலை போகும்.

"ஏம்மா முத்துமணி, அந்தாளுக்காக எதுக்கு இப்படி மாரடிக்கிற? கொஞ்சம் இழுத்தடியேன். எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குதும்மா."

"வேலைன்னு எடுத்தா முழுசா முடிக்கணும்ண்ணா." அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"ஜால்ரா" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். அன்றிலிருந்து கேன்டீனில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

சனிக்கிழமை வேலை முடிந்தது. முத்துமணி ரிப்போர்ட்டை நீட்டினாள். எந்தப் பேப்பரையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது மேனேஜருக்குக் கௌரவக் குறைச்சல். பார்க்காமலே போட்டு, ஹெட் ஆபீஸுக்கு ஃபாக்ஸ் அனுப்பச் சொன்னார். ஸ்டாக் ரிஜிஸ்டரோடு வந்திருந்த வெங்கடப்பன் மெல்லக் கதவோரமாக நகர்ந்தார்.

மேனேஜர் ஆசையாகப் புரோகிராமைத் திறந்தார். திரையில் பெயர், நேரம், அளவு. அவ்வளவுதான்.

"லெட்டரெல்லாம் எங்கேம்மா? பழசைக்கூடக் காணோம்!"

"மூணு ஓட்டை இருந்துச்சு சார், மூணையும் அடைச்சாச்சு. ஹெட் ஆபீஸுக்குப் போன ரிப்போர்ட்ல விவரமா எழுதியிருக்கேன். பாஸ்வேர்டு இல்லாம யார் வேணா திறக்க முடிஞ்சது முதல் ஓட்டை. நீளமா லெட்டர் வந்தா புரோகிராம் படுத்துக்கிறது ரெண்டாவது."

"மூணாவது?"

"நீங்கதான் சார்."