மஞ்சள் கோட்டுக்கு அப்பால்

கட்டுவிரியன் கடித்த கணவன் மாசிலாமணியை டிராக்டரில் போட்டுக்கொண்டு நகர எல்லைக்கு வந்து சேர்ந்தாள் செவ்வந்தி. மனிதர் ஓட்டும் வண்டி அங்கிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது. ஆளில்லாத ஆம்புலன்ஸ் கோட்டுக்கு வெளியே வராது. டிராக்டர் ஓட்டி வந்த அந்தோணியும் அவளுமாக மாசிலாமணியைத் தூக்கிக் கோட்டுக்கு அப்பால் கிடத்தினார்கள்.

"அக்கா, பாம்புன்னு சொல்லிராத. நகரத்துல பாம்பே கெடையாது, வெளிய கடிச்சதுக்கு ஏத்த முடியாதுன்னு ஆம்புலன்ஸு என் தம்பிய விட்டுட்டுப் போயிருச்சு" என்றான் அந்தோணி. அந்தத் தம்பியைப் புதைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

செவ்வந்தி வேட்டியை இழுத்துக் கணுக்காலை மூடினாள். ஆம்புலன்ஸ் வந்து நின்று, என்ன நேர்ந்தது என்று கேட்டது.

"நெஞ்சுவலி. நடந்து வந்தவரு இங்கனயே விழுந்துட்டாரு."

கதவு திறந்தது. உள்ளே ஏற்றினார்கள்; செவ்வந்தியும் ஏறிக்கொண்டாள். வண்டி வேகமெடுத்ததும் அவள் கத்தினாள்: "நெஞ்சுவலி இல்ல, கட்டுவிரியன்! ஆஸ்பத்திரில அதுக்கு மருந்து எடுத்து வைக்கச் சொல்லு!"

வண்டியின் வேகம் குறைந்தது. "எங்கே கடித்தது? கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?"

"எங்க கடிச்சா என்ன? இப்ப உன் வயித்துக்குள்ளதான கெடக்காரு!"

வண்டி ஏறக்குறைய நின்றேவிட்டது. கணவனின் இமைகள் சரியச் சரிய, அவள் விரலால் தூக்கிப் பிடித்தாள்.

பிறகு, சைரன் அலறியது.