புது கிளீனர்

"இன்னா டிரைவரே, விடிஞ்சா தீபாவளி. இப்ப வந்து லோடு கேக்கறியே, இத்தினி நாளா தூங்கிகினு இருந்தியா?"

மறைமலைநகர் கிடங்கின் கேட்டில் நின்ற செக்யூரிட்டி அம்மாவின் குரல், லாரி எஞ்சின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. நீலச் சீருடை, கையில் பிரம்பு, சட்டையில் 'மார்கரெட்' என்று பெயர்ப்பட்டை. லாரிக் கண்ணாடியில் வெயில் பட்டுத் தெறித்ததால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடந்து வந்தாள்.

டிரைவர் கிருபாகரன் இதை எதிர்பார்க்கவில்லை. இந்த கேட்டில் எப்போதும் ஜெயக்குமார்தான் இருப்பார்.

"யாரு இது? ஜெயக்குமார் எங்க?" பக்கத்து சீட்டில் இருந்த பிரவின்குமார் பல்லைக் கடித்தான். "உனக்குப் பழக்கமா?"

"இல்லப்பா. ஜெயக்குமாரு பண்டிகைக்கு ஊருக்குப் போயிருப்பாரு. இது யாரோ, புதுசா போட்டுகிறாங்க."

"சரி, ஒளறாம பேசு. வழியில சொன்னது ஞாபகம் கீதுல்ல?"

ஞாபகம் இல்லாமல் போகுமா? லாரி அசல், டிரைவர் அசல், இரண்டுமே கிடங்கின் பட்டியலில் இருப்பவை. போலி என்றால் லோடு எடுக்கிற அந்தச் சீட்டு ஒன்றுதான். லாரி கொள்ளுமட்டும் டிவிப் பெட்டிகள். ஏற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டால், லீவு முடிந்து கிடங்கைத் திறக்கும்வரை தேட நாதி கிடையாது. திருடுவதற்கென்றே பஞ்சாங்கம் பார்த்து எடுத்த நாள் மாதிரி இருந்தது.

பிரவின்குமாரின் மடியில் ஒரு துண்டு கிடந்தது. திருப்போரூரில் ஏறினதிலிருந்து அவனுடைய வலது கை அந்தத் துண்டுக்கு அடியிலிருந்து வெளியே வரவேயில்லை.

மார்கரெட் பக்கத்தில் வந்து நிமிர்ந்து பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் கிருபாகரன் தலையை வெளியே நீட்டினான்.

"வணக்கம் மேடம். அர்ஜென்ட் லோடு மேடம். கொஞ்சம் சீக்கிரம் வுட்டீங்கன்னா புண்ணியமா போவும்."

"மேடமா?" அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்த காம்பவுண்டுல என்னை எவனும் மேடம்னு கூப்ட்டதில்ல. குடு சீட்டை."

சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பிரம்பால் பக்கத்து சீட்டைக் காட்டினாள்.

"அது யாரு? லிஸ்டுல டிரைவரு பேரு மட்டுந்தான கீது?"

கிருபாகரன் பிரவின்குமாரின் மடித் துண்டை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பினான்.

"புது கிளீனரு. என் மச்சான்தான் மேடம். எம் பொண்டாட்டி ரூத்துக்குக் கூடப் பொறந்த தம்பி."

சமாளித்துவிட்டான் என்று பிரவின்குமாருக்கு ஒரே குஷி. இளித்துக்கொண்டே தலையை ஆட்டினான்.

"ரூத்துக்குத் தம்பியா நீ?"

"ஆமா மேடம். மாமா தனியா போறாரு, தொணைக்குப் போடான்னு அக்காதான் அனுப்புச்சு."

"அக்கான்னா அவ்ளோ பாசமோ?"

"உசுரு மேடம்!"

"இருக்கட்டும், இருக்கட்டும். இந்தக் காலத்துல யாருக்குக் கெடைக்குது இப்படி ஒரு தம்பி!"

மார்கரெட் சீட்டோடு தன் அறைக்குள் போனாள். போனவள் போனவள்தான். ஃபோனில் யாரிடமோ பேசுவது கண்ணாடி வழியே தெரிந்தது. அந்தம்மா என்ன நினைக்கிறாள், என்ன செய்யப்போகிறாள்? கிருபாகரனின் உயிரே அதில்தான் இருந்தது.

"இன்னா இவ்ளோ நேரம்?" என்று பிரவின்குமார் முணுமுணுத்தான்.

"கம்ப்யூட்டரு சுத்திகினே கீது. பொறுங்க!" என்று உள்ளிருந்தே கத்தினாள் மார்கரெட்.

ஒருவழியாக வெளியே வந்து கேட்டைத் திறந்தாள். "வண்டியை எடை மேடையில நிறுத்து. ரெண்டு பேரும் எறங்கிடுங்க."

"எதுக்கு எறங்கணும்?" பிரவின்குமார் முறைத்தான்.

"காலி வண்டி எடையில உன் வெயிட்டும் சேந்துகிச்சுன்னா அப்புறம் கணக்கு ஒதைக்கும். லோடு வெளிய போவாது. பரவால்லியா?"

வேறு வழியில்லாமல் பிரவின்குமார் துண்டைச் சுருட்டிக்கொண்டு இடது பக்கம் இறங்கினான். கிருபாகரன் வலது பக்கம் இறங்கினான். கால் தரையில் பட்டதுதான் தாமதம், பின்கேட் வழியாக வந்து எடை அறைக்குப் பின்னால் பதுங்கியிருந்த போலீஸ்காரர்கள் பாய்ந்து வந்தார்கள். ஒரு நொடியில் பிரவின்குமாரின் கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. துண்டு நழுவியது. உள்ளேயிருந்த கத்தி தரையில் விழுந்தது.

கிருபாகரன் ஓடவில்லை. டயரோரம் பொத்தென்று உட்கார்ந்து, "அப்பாடா!" என்றான்.

ஏட்டு அவன் சட்டையைப் பிடித்தார். "மாட்டிக்கினவன் எவனாச்சும் அப்பாடான்னு சொல்லுவானா?"

"காலையில டீ குடிக்க நிறுத்தினேன் சார். வண்டியில ஏறி, ஃபோனைப் புடுங்கிகினு, இடுப்புல கத்தியை வெச்சுட்டான். ஒரு வார்த்த தப்பா பேசினா சொருகிடுவேன்னான்." சொல்லும்போதே கிருபாகரனுக்கு அழுகை வந்துவிட்டது.

மார்கரெட் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவன் கையில் திணித்தாள். "அழுவாத. குடி மொதல்ல."

"எல்லாம் சரி," ஏட்டு அவள் பக்கம் திரும்பினார். "இவன் ஒண்ணுமே தப்பா பேசலியே. நீ எப்டிம்மா கண்டுபுடிச்ச?"

"'அக்கா, சோறு கீதா'ன்னு கேட்டுகினே என் வூட்டுக்குள்ள நொழையற ஆளு இன்னிக்கு மேடம்ன்றாரு, ரூத்துக்குத் தம்பின்னு ஒருத்தனைக் காட்டறாரு. ரூத்து என் தங்கச்சி சார். எங்கம்மா பெத்தது எங்க ரெண்டு பேரையுந்தான். எனக்கே தெரியாம எனக்கு ஏது சார் ஒரு தம்பி?"