முனிவேல் அண்ணாவோட வீம்பு

"அண்ணா, காலைத் தட்டாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

கிடாரை மடியில வச்சுக்கிட்டு முனிவேல் சிரிச்சார்.

ஓசூர்ல என் ஸ்டுடியோவுக்கு எத்தனையோ பேர் வந்திருக்காங்க. இப்படி ஒரு வீம்புக்காரரைப் பார்த்ததில்லை. நாப்பது வருஷமா கிடார் வாசிக்கிற மனுஷன். ரிட்டயர் ஆன கையோட, ஃபேக்டரி வாழ்க்கையை வச்சு எட்டு பாட்டு எழுதி, ப்ளூஸ் ஆல்பம் போடணும்னு வந்தார். வாசிச்சா மனசு உருகிடும், பொய் சொல்லக்கூடாது.

ஆனா கம்பெனில கொடுத்த சேஃப்டி ஷூவோட மரமேடையில உட்கார்ந்து தொம் தொம்னு மிதிப்பார். எல்லா மைக்லயும் அந்தச் சத்தம்தான். ஷூவையாவது கழட்டுங்கன்னு கெஞ்சினேன். அதுதான் தன்னோட ஸ்டைலாம்.

மூணாம் நாள் பொறுமை போயிருச்சு. அவர் காலுக்கடியில தடியா ஒரு மெத்தையைச் சொருகிட்டேன்.

அன்னைக்குன்னு பார்த்து டிரம்ஸ் ராமப்பன் சொதப்பினார். சூளகிரி பக்கம் ஒரு பிரஸ் ஷாப்புல முனிவேலோட முப்பது வருஷம் தகடு அடிச்சவர். ஹெட்போனைக் கழுத்துலதான் மாட்டுவார், காதுல வச்சா உறுத்துதாம். ஆறு டேக் போச்சு, ஆறுலயும் தாளம் எங்கேயோ ஓடுது.

அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, பெங்களூர்லேருந்து வேற டிரம்மரைக் கூப்பிடலாம்னு சொல்லிட்டேன்.

முனிவேல் முகம் வாடிப்போச்சு.

"அவனுக்குக் காது கேக்காதும்மா. மெஷின் சத்தத்துல போயிருச்சு. பேச்சை வாயசைவுல பிடிச்சுக்குவான். பாட்டுக்கு என் மிதிதான். மேடைப் பலகை அதிர்றதை வச்சுத்தான் அடிக்கிறான்."

"முதல்லயே சொல்லியிருக்கலாமேண்ணா?"

"எனக்குத் தெரியும்ங்கிறதே அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சா, பாரமா இருக்கோம்னு குச்சியைக் கீழ வச்சிருவான். அவன் இல்லாம எனக்கு எதுக்கும்மா ஆல்பம்? நான் வீம்புக்காரனாவே இருந்துட்டுப் போறேன்."

எனக்கு வெக்கமாப் போச்சு. மெத்தையை உருவிப் போட்டுட்டு, அந்த ஷூவுக்குன்னே தனியா ஒரு மைக் வச்சேன். ஆல்பத்துல அந்தச் சத்தமும் வரட்டும்.

டீ குடிச்சிட்டு வந்த ராமப்பன் மைக்கைப் பார்த்துச் சிரிச்சார். "இவன் வீம்புக்கு நீயும் வளைஞ்சிட்டியாம்மா?"

"என்னண்ணா பண்றது, சரியான வீம்பு பிடிச்ச ஆளு"ன்னேன்.

அவர் முகத்துக்கு நேரா நின்னு, வாயை நல்லாத் திறந்து, நிறுத்தி நிதானமா.