நம்மூட்டு நாய்

செம்மேடு பஸ் ஸ்டாண்டில் மணி நாலு ஐம்பது. ஐந்துக்குள் ஆறு வயது யமுனாவை அவள் அம்மாவிடம் ஒப்படைத்தாக வேண்டும், கோர்ட் உத்தரவு. மாதத்தில் இரண்டே நாள்தான் பழனிமுத்துவுக்கு மகள். அதுவும் தொடருமா என்று அடுத்த மாதம் நீதிபதி குழந்தையிடமே கேட்கப் போகிறார். 'என்ன கண்ணு சொல்லுவே?' என்ற கேள்வி தொண்டை வரை வந்து நிற்கிறது. எதையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று வக்கீல் எச்சரித்திருக்கிறார். மஞ்சள் வெயிலும் மூடுபனியும் ஒன்றாய்க் குழைந்து ரோட்டில் மிதக்கின்றன. அதற்குள்ளிருந்து முதலில் இரண்டு விளக்குகள் வருகின்றன, பிறகுதான் பஸ். இறங்கிய ரஞ்சிதா மகளின் ஸ்வெட்டரில் ஒட்டிய காய்ந்த இலையைத் தட்டிவிடுகிறாள். "நல்லா சாப்புட்டாளாங்க?" "சாப்புட்டுச்சுங்க." கோர்ட் படி ஏறிய பிறகு அவனும் அவளுக்கு 'ங்க' போடுகிறான். அதே பஸ் திரும்புகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்ததும் யமுனா அம்மாவின் காதுக்குள் கத்துகிறாள். "அம்மா, நம்மூட்டு நாய் நாலு குட்டி போட்டிருக்குது!" "நம்மூட்டுல ஏது சாமி நாயி?" பஸ் நகர்கிறது. குட்டி விரல் ஒன்று ஜன்னல் கம்பிக்கு வெளியே நீண்டு, பழனிமுத்துவின் தலைக்கு மேலே, பனியில் கரையும் பலாமரங்களுக்கு அப்பால் காட்டுகிறது. கையாட்ட மறந்து, அந்தத் திசையில் இருக்கும் தன் வீட்டை அவனும் திரும்பிப் பார்க்கிறான்.