தலை குனியாத மாப்பிள்ளை

"என் மாப்பிள்ளையைச் சபையில சேர்க்கக் கூடாதுங்க ஐயா."

சபையின் மூப்பர் இப்படிச் சொன்னதும், பேனாவைத் திறந்த போதகரின் கை அப்படியே நின்றது. ஆராதனை முடிந்த கையோடு மூன்று பேரும் கோயிலை ஒட்டிய சிற்றறைக்கு வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வேறு சபையிலிருந்து வந்தவர். மூப்பர் சம்மதித்தால் இன்றே சபைப் பதிவேட்டில் பேர் ஏறிவிடும்.

"என்ன குறை கண்டீங்க?"

"'பரிசுத்தர்'னு பாடறப்ப சபையே மண்டி போட்டுத் தலை குனியுது. வானமே கொள்ளாத ஆண்டவர். அவர் முன்னால தூதர்களே முகத்தை மூடிக்கறாங்க. இவர் மட்டும் நிமிர்ந்து, கண் கொட்டாம பீடத்தையே முறைச்சுப் பார்க்கறார். இன்னைக்கு நேத்து இல்ல, ரெண்டு மாசமா."

தலை குனிந்திருந்த மூப்பருக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேட்கக் கூடாது. பீடத்தின் ஓரத்தில் பெரிய மெழுகுவர்த்தியை ஏந்தி மண்டியிடும் உரிமை அவருக்கு. அங்கிருந்தபடியே மற்றவர்களின் பக்தியையும் அளந்து வைப்பார்.

போதகர் மாப்பிள்ளையைப் பார்த்தார். "நிஜமா தம்பி?"

"நிஜம்தாங்க ஐயா."

"ஏன்?"

மாப்பிள்ளை மாமனாரை ஒரு தரம் பார்த்தார். வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டார்.

"காரணம் சொல்ல முடியாதுங்க. மன்னிச்சிடுங்க."

"அடுத்த வாரமாவது குனிவீங்களா?"

"முடியாதுங்க ஐயா."

போதகரின் முகம் இறுகியது. மூப்பருக்கு ரத்தம் கொதித்தது.

"திமிரைப் பார்த்தீங்களா?" என்று சொல்லிவிட்டு விருட்டென்று வெளியே வந்தார்.

வாசலில் மகள் நின்றிருந்தாள். உள்ளே பேசியதெல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும். கண் சிவந்திருந்தது.

"உன் புருஷனுக்கு ஆண்டவர்கிட்ட பயமே கிடையாதும்மா."

"ரெண்டு மாசம் முன்னால வீட்டுல தலை சுத்தி விழுந்தீங்களே அப்பா. வெளிய தெரிஞ்சா மெழுகுவர்த்தியைப் பிடுங்கிடுவாங்க, மூச்சு விடக் கூடாதுன்னு எங்க ரெண்டு பேர்கிட்டயும் வாக்கு வாங்கினீங்களே."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"மண்டி போட்ட இடத்துல நீங்க சாஞ்சா ஓடி வந்து பிடிக்க ஆள் வேணாமா? எல்லாரும் குனிஞ்சிருந்தா யாருக்குத் தெரியும்? அவர் பீடத்தைப் பார்க்கலப்பா. உங்களைத்தான் பார்த்துட்டிருக்கார்."

போதகர் பேனாவை மூடிவிடப் போகிறாரே என்று மூப்பர் பதறித் திரும்பினார். திரும்பிய வேகத்தில் தரை சுழன்றது.

ஆனால் அவர் விழவில்லை. ஒரு கை அவர் முழங்கையைத் தாங்கியிருந்தது.

"மெதுவா, மாமா."