பழைய கர்னலே போதும்

"ஏனுங்கம்மா, இன்னும் எத்தனை நாளைக்கு அந்தப் பழைய கர்னலையே கட்டிக்கிட்டு அழுவீங்க?"

கேட்டவர் குமாரசாமி, கணபதி பகுதியில் இருக்கும் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியின் முதலாளி. கேள்வி, அங்கே சர்வர் கம்ப்யூட்டரைக் கவனிக்கும் வெங்கடலட்சுமிக்கு.

போன மாதம் சர்வரில் இருந்த பம்ப் டிராயிங்குகளில் இரண்டு சத்தமில்லாமல் கெட்டுப்போயின. ஃபைல்களை அடுக்கிக் காக்கும் புது ஃபைல் சிஸ்டம் போட்டால், கெட்டதை அதுவே கண்டுபிடித்துச் சரிசெய்துவிடும். ஆனால் அது ஓட வேண்டுமென்றால் கர்னலும், அதாவது கம்ப்யூட்டரை உள்ளிருந்து ஓட்டும் அடிப்படை மென்பொருளும், புதுசாக இருக்க வேண்டும்.

"புதுசு நமக்கு இன்னும் பழகலீங்க. பயமா இருக்குதுங்க" என்றாள் வெங்கடலட்சுமி. குரலில் களைப்பு. அந்த இரண்டு ஃபைல் கெட்டதிலிருந்து, ஆபீஸ் முடிந்த பிறகும் உட்கார்ந்து டிராயிங் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அவிநாசிக்கு பஸ் ஏறுகிறாள்.

பக்கத்து சீட் கிருபாசங்கர் சத்தமாகச் சிரித்தான். அவனுக்குக் கண் தெரியாது. திரையில் வருவதைப் படித்துச் சொல்லும் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு சர்வர் வேலையில் பாதியை அவன்தான் பார்க்கிறான். வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்லை.

"அக்கா ஒரு பயந்தாங்கொள்ளிங்க சார். ஊரே மாத்திருச்சு. நீங்க மாத்தச் சொல்லிப்போடுங்க!"

குமாரசாமி புதிதாகச் சேர்ந்திருந்த பூஜிதாவைப் பார்த்தார். "நீ ஸ்பேர் மெஷின்ல போட்டுப் பாரு, கண்ணு. சரியா வந்தா மாத்திப்போடலாம்."

பூஜிதாவுக்குச் சந்தோஷம். இந்த அக்காவுக்குப் புதுசு என்றாலே ஆகாது என்று அவளும் நினைத்திருந்தாள்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது போட்டுப் பார்த்தாள். வேண்டுமென்றே ஒரு ஃபைலைக் கெடுத்தாள். புது ஃபைல் சிஸ்டம் அதைச் சரிசெய்துவிட்டது. பிரமாதம்!

எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம் என்று கிருபாசங்கரின் பெட்டியையும் எடுத்து மாட்டினாள்.

பெட்டி பேசவில்லை.

பழைய கர்னலுக்கு மாற்றினாள். பேசியது. மறுபடி புதுசு. ஊமை.

"நானும் பாத்துட்டேன், கண்ணு. பேசாது." பின்னால் வெங்கடலட்சுமி நின்றிருந்தாள்.

"வேற பெட்டி வாங்கலாமேங்க அக்கா?"

"எல்லாப் பக்கமும் கேட்டாச்சு. செஞ்ச கம்பெனியையே மூடிட்டாங்க. இது இல்லாம அவன் சர்வரைத் தொட முடியாது."

"அண்ணன்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே? உங்களை அந்தப் பேச்சுப் பேசறாரு."

"சொன்னா, 'எனக்காக நிறுத்தாதீங்க'ன்னு அவனே வேலைய உட்டுப்போட்டுப் போயிருவான். வீட்ல ரெண்டு குழந்தைங்க. பேசினாப் பேசிட்டுப் போறான், உடு."

அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கிருபாசங்கர் கேண்டீனிலிருந்து திரும்பினான். "என்ன அம்மணி, புதுசு எப்படி?"

"ஒத்து வரலீங்கண்ணா. எனக்கும் பயமாத்தான் இருக்குது."

அவன் சிரிக்கவில்லை. மேஜையைத் தடவினான். பெட்டி அங்கே இல்லை. ஸ்பேர் மெஷின் வரைக்கும் கையைக் கொண்டுபோய், வயர் மாட்டியிருப்பதைத் தொட்டுப் பார்த்தான்.

"பெட்டி பேசலை, அதான?"

பூஜிதா திகைத்தாள். "அண்ணா, உங்களுக்கு..."

"போன மாசமே ஒரு ஞாயித்துக்கெழமை வந்து போட்டுப் பாத்துட்டேன். நீ அக்காகிட்டச் சொல்லிப்போடாத, அம்மணி. எனக்காகத் தெனமும் இருட்டுற வரைக்கும் உக்காந்து கண்ணைக் கெடுத்துக்கறாங்க. அதான் நாலு பேரு முன்னால பயந்தாங்கொள்ளின்னு கத்தறேன். ரோசம் வந்தாவது மாத்திப்போடுவாங்கன்னு."

நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டான்.

"எங்க? அவங்களுக்கு ரோசமே வர மாட்டேங்குது."